நடமாடும் சுற்றுச்சூழல் கண்காட்சிக்கு அரசு மானியம் கிடைக்குமா?

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் சதுப்புநிலக் கண்காட்சியை லாரியில் கொண்டுபோக அரசுப் பணம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் ஒரே கதவைத் தட்டினால் போதாது.

முதலில் உங்கள் குழு சங்கப் பதிவு இலாகா போன்ற ஓரிடத்தில் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். தனிமனிதர் கணக்குக்குப் பொதுப்பணம் பெரும்பாலும் வராது. அரசுக்கு வெளியே, பல நாடுகளின் பணத்தில் நடக்கும் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் அரசு சாரா அமைப்புகளுக்கு வழக்கமாக 50,000 அமெரிக்க டாலர் வரை தந்துவந்திருக்கிறது. உள்ளூர் செலவுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அணுகலாம். தொகை சிறியது, பதில் சீக்கிரம் வரும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கண்காட்சியைச் செய்யப் பணம் தருபவர்கள் அதை நகர்த்தத் தயங்குவார்கள். கண்டல் வேரின் மாதிரியும் நண்டு வளைப் பலகையும் படத்தில் அழகாக விழும்; டீசல், ஓட்டுநர் கூலி, காப்புறுதி ஆகியவை விழாது. நம் ஊர் ஈரத்தில் ஒட்டுப்பலகை ஊதி, ஓரம் பிரிந்துவிடும். ஆகவே பழுதுபார்ப்பையும் போக்குவரத்தையும் 'இதர செலவு' என்று ஒளிக்காமல் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். மானியம் பெரும்பாலும் தவணைகளில்தான் வரும். ரசீது இல்லையென்றால் அடுத்த தவணை தள்ளிப்போகும்.

பள்ளிக்குள் நுழையக் கல்வி இலாகாவின் அனுமதிக் கடிதம் தேவை. அதை முன்கூட்டியே வாங்கி விண்ணப்பத்துடன் இணைத்தால், மதிப்பிடுபவர் உங்களை நம்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். தனியார் நன்கொடையும் திரட்டுவதானால், 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அறவாரியம் ஒன்றோடு சேருங்கள். கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு.