கொக்கி உடைந்தது, பில் இல்லை

நாயையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை, பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று கிளம்புகிற குமரி மாவட்டக் குடும்பங்களின் கடிதங்கள் இம்முறை. எல்லாமே நீளம், கத்தரித்துத்தான் போட்டிருக்கிறேன்.

சொத்தவிளை கடற்கரையில் எங்கள் லாப்ரடார் ஒரு இழுப்பு இழுத்ததும் கயிற்றின் கொக்கி இரண்டாக முறிந்துவிட்டது. விலை 650 ரூபாய், வாங்கி 19 நாள். "கடல் காத்துல கொண்டு போனா துரு பிடிக்கத்தான் செய்யும்" என்கிறார் கடைக்காரர். (தக்கலை)

துரு 19 நாளில் கொக்கியை முறிக்காது. முறிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், கற்கண்டை உடைத்தது போலப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது துத்தநாகக் கலவையில் வார்த்த கொக்கி. மேலே பளபளப்புக்கு ஒரு பூச்சு. மெல்ல இழுத்தால் தாங்கும். 30 கிலோ நாய் வெடுக்கென்று பாய்ந்தால் வளையாது, நேரே உடையும்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆகவே பித்தளை என்று பலர் எழுதுகிறார்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு என்பது சரி. ஒட்டாவிட்டால் பித்தளை என்பது தப்பு, துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. கொக்கியின் உள்பக்கம் சாவியால் கீறினால் பித்தளை மஞ்சளாகத் தெரியும். கடைக்காரர் கீறவிட மாட்டேன் என்றால் "பித்தளைக் கொக்கி" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கடலோரத்துக்குக் கனமான பித்தளை, அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பித்தளைக் கொக்கிக்குள் இருக்கும் சுருள் கம்பி மட்டும் பெரும்பாலும் எஃகுதான், உப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைக்கும்.

இனி பணம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு 11 நாள் மிச்சம் இருக்கிறது. உடைந்த இரண்டு துண்டும், பில்லும், எழுத்தில் ஒரு புகாரும் கொண்டுபோங்கள். பில் வாங்கவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் சொல்கிறீர்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பொத்தானை அமுக்கினால் உள்ளே சுருண்டுகொள்ளும் கயிறு வாங்கலாமா? (வடசேரி)

வாங்காதீர்கள். நான் வாங்கியது பரணில் கிடக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்க ப்ளம் கேக். நாய் ஏக்கமாகப் பார்க்கிறது. ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் என்ன? (குளச்சல்)

கொடுக்கக் கூடாது. அதில் உலர்திராட்சை இருக்கிறது, சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ரம் வேறு. திருடித் தின்றுவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற வழி உண்டு. உப்புத் தண்ணீர் புகட்டுவது தனி ஆபத்து.

எங்கள் நாயின் முதல் பிறந்தநாளுக்கு, நாய்க்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு கிலோ கேக் 1,200 ரூபாய்க்குத் தந்தார்கள். இரவு முழுக்க வாந்தி. கேட்டால் "எல்லா நாய்க்கும் ஒத்துக்காது" என்கிறார்கள். (மார்த்தாண்டம்)

உங்கள் மேல் தப்பில்லை. நாய்க்கென்று சொல்லி விற்றவர், என்ன சேர்த்தோம் என்று சொல்லவும் கடமைப்பட்டவர். சேர்மானப் பட்டியலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், வாய்மொழி வேண்டாம். மீதித் துண்டை ஃப்ரீசரில் வையுங்கள். மருத்துவர் சீட்டில் என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.

பட்டியலில் தேட வேண்டியவை: சாக்லேட், கோகோ, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக சைலிட்டால். சர்க்கரை சேர்க்காதது என்று பெருமையாக விற்கும் சில பொருள்களில் இனிப்புக்கு இதுதான் இருக்கும், சில நிலக்கடலை வெண்ணெயிலும் உண்டு. லேபிளில் 967 என்ற எண்ணாக ஒளிந்திருக்கலாம். நமக்கு அந்த ஆபத்து இல்லை. நாய்க்கு அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும்.

அடுத்த வருஷம் இட்லிச் சட்டி போதும். கோதுமை மாவு ஒரு கப், நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம் மூன்று, முட்டை ஒன்று, துருவிய காரட் பாதி. தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் கலக்கி, தட்டில் ஊற்றி 15 நிமிஷம் வேகவிடுங்கள். உப்பு, சர்க்கரை, ஏலக்காய் எதுவும் வேண்டாம். ஆறியதும் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரை மேலே தடவினால் க்ரீம். 25 கிலோ நாய்க்கு இரண்டு, பக் மாதிரி சின்ன நாய்க்குப் பாதி. மிச்சத்தைப் பிள்ளைகள் தின்றாலும் கெடுதல் இல்லை. வெடித்த பலூன் துண்டுகளை மட்டும் உடனே பொறுக்கிவிடுங்கள். அதை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு வரும் வரை, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி நாயைக் காரில் விடலாமா? ஒரு மணி நேரம்தான். (கருங்கல்)

முடியாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறும், அரை மணியில் 20 டிகிரியை நெருங்கும். வெளியே 32 என்றால் உள்ளே என்ன என்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு விரல் இடைவெளி ஒன்றுக்கும் உதவாது. ஒருவர் நாயோடு நிழலில் இருங்கள், பிறகு முறை மாற்றிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்று போய் அந்த வெயிலையும் வீணாக வாங்காதீர்கள்.

பயணத்துக்கு மட்டும் என்று நாய்த் தீவனம் ஒரு கிலோ சில்லறையாக வாங்கினோம். பாக்கெட்டைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைவு. இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு, பேச்சிப்பாறை வரை போய்த் திரும்பிவிட்டோம். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாமா? (நாகர்கோவில்)

இந்தச் சில்லறைத் தீவனத்தைப் பற்றி எழுதி எழுதி என் பேனாதான் தேய்கிறது. இன்னும் ஒரு முறை.

20 கிலோ மூட்டையைப் பிரித்து, வாயைச் சுருட்டி, கடையின் மூலையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு உருண்டையின் மேலும் கொழுப்புப் பூசியிருக்கும், நாய்க்குப் பிடித்த வாசனையே அதுதான். காற்றுப் பட்ட நாளிலிருந்து அந்தக் கொழுப்பு காறத் தொடங்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரமில்லாத மாதம் எத்தனை? ஈரம் ஏறினால் பூஞ்சை, பூஞ்சையில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரவில் எலி ஏறினால் எலிக்காய்ச்சலுக்கும் வழி. மூட்டை எந்த மாதம் தயாரித்தது, எப்போது பிரித்தது, அடியில் போன வருஷத்து மிச்சம் கிடக்கிறதா? உங்கள் கையில் இருக்கும் வெள்ளை பாலித்தீன் பையில் இவற்றில் எதுவும் இல்லை. அந்த 60 ரூபாய் எதற்கான தள்ளுபடி என்று இப்போது தெரிகிறதா?

வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு உருண்டையை விரலால் நசுக்குங்கள். சட்டென்று நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம். முகர்ந்தால் பழைய பலகார எண்ணெய் நாற்றமோ பெயின்ட் நாற்றமோ வரக்கூடாது.

உங்கள் நாயின் வயிறு கெட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது உங்கள் கணக்கு. வீட்டில் ஒரு தீவனம், பயணத்தில் வேறொன்று என்று ஒரே வேளையில் மாற்றினால் நல்ல தீவனத்துக்கே வயிறு போகும். மாற்ற ஏழு நாள் வேண்டும்: முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். ஊருக்குப் போகும்போது வீட்டுத் தீவனத்தையே வேளைக்கு ஒரு பொட்டலமாக எடை போட்டு, ஒருநாள் கூடுதலாகச் சேர்த்து எடுத்துப் போங்கள். வீட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல் அதன் பையோடு வைத்து மூடுங்கள். டப்பாவின் சுவரில் படிந்த பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும்.

புகார் விஷயம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கால்நடைத் தீவனம் உணவாகவே வராது, அந்தத் துறைக்கு அலைய வேண்டாம். உங்கள் கண்முன் எடை போட்டுத் தந்தது என்றால் பொட்டல விதி பொருந்தாது. கடைக்காரர் முன்பே கட்டித் தொங்கவிட்டிருந்த பொட்டலம் என்றால் வேறு: அதில் தயாரித்தவர் பெயர் முகவரி, நிகர எடை, மாதம் வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள், எடை அளவுச் சட்டம் அவர்கள் கையில்.

"நாய்க்கு அனுமதி உண்டு" என்று ஆப்பில் போட்டிருந்ததால் மூணாறில் அறை எடுத்தோம். போய் இறங்கியதும் 2,000 ரூபாய் கூடுதல் வேண்டினார்கள், நாயை வெளியே ஷெட்டில் கட்டச் சொன்னார்கள். இரவெல்லாம் அதுவும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. கேரளத்தில் போய் வழக்குப் போட முடியுமா? (அருமனை)

போக வேண்டாம். 2019 சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிகின்றன. ஆப் நிறுவனம் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடியுங்கள். இந்த வரிகள் ராத்திரியோடு ராத்திரியாக மாறுவது புதிதல்ல.

மற்றவர்கள் முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: நாய் அறைக்குள்ளேயே தூங்கலாமா, கூடுதல் கட்டணம் இரவுக்கா மொத்தத்துக்கா, எத்தனை கிலோ வரை, சாப்பிடும் இடத்துக்கு வரலாமா, வளாகத்தில் அவிழ்ந்து திரியும் நாய்கள் உண்டா. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

சென்னையில் தங்கை வளைகாப்பு. எங்கள் பக் நாயை மூன்றாம் வகுப்பு ஏ.சி.யில் கொண்டுபோகலாம் என்று ஏஜென்ட் 1,500 வாங்கிக்கொண்டார். சரிதானா? (இரணியல்)

ஏமாற்றியிருக்கிறார், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏ.சி. இரண்டாம், மூன்றாம் வகுப்பு, ஸ்லீப்பர், சேர்கார் எதிலும் நாய்க்கு இடமில்லை. முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு படுக்கைக் கூபேயோ நான்கு படுக்கைக் கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளலாம். நாய்க்குப் பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிவு, தடுப்பூசி அட்டையும் பயணத்தை ஒட்டி வாங்கிய மருத்துவச் சான்றும் வேண்டும். பதியாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம். ரயில் கார்டு இருக்கும் பெட்டியின் நாய்க்கூண்டு இன்னொரு வழி, ஆனால் முகம் சப்பையான பக் நாயை அந்தப் புழுக்கத்தில் ஓர் இரவு அடைக்க நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவர் அதோடு தங்குவது மேல்.

மகளின் பிறந்தநாளுக்கு 35 நாள் குட்டி, 9,000 ரூபாய், ரொக்கம். மூன்றாம் நாளே திற்பரப்புக்குக் கூட்டிப்போனோம். ஐந்தாம் நாள் ரத்தப்பேதி, பார்வோ வைரஸ் என்றார் மருத்துவர். விற்றவர் போன் எடுக்கவில்லை. (ஆரல்வாய்மொழி)

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதி. விற்றவர் செய்தது குற்றம். ஆனால் ரசீது இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை, தாய் நாயைப் பார்க்கவில்லை, தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியை ஊரெல்லாம் நாய் நடமாடும் இடத்தில் இறக்கியும் விட்டீர்கள். செல்போன் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற நாம் உயிரை வாங்கும்போது மட்டும் ஏன் இப்படி?

பார்வோ பெரும்பாலும் தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் வெளிப்படும். விற்றவர் வீட்டிலிருந்தே வந்திருக்க இடமுண்டு, அதனால் புகாரை விட வேண்டாம்: மருத்துவர் சான்று, போன் பதிவு, வாட்ஸ்அப் படங்கள், விளம்பரம். குட்டி பிழைத்தாலும் இல்லாவிட்டாலும் தரையைக் கழுவிவிட்டு, வெளுப்பான் (ப்ளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் இந்தக் கிருமி அசையாது. மண் தரையில் ஒரு வருஷம் வரைகூடக் கிடக்கும், அதுவரை தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

முட்டம் கடற்கரையில் வலையிலிருந்து தூக்கிப்போட்ட மீனை நாய் தின்னலாமா? (ராஜாக்கமங்கலம்)

அதில் பேத்தை என்ற நச்சு மீன் இருந்தால் உயிர் போகும். காய்ந்து கிடந்தாலும் நஞ்சு குறையாது. தூண்டில் முள் வேறு. கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

நாய்க்கு லைஃப் ஜாக்கெட், ஆன்லைனில் 1,100 ரூபாய். கடலில் குளிக்க நல்லதா? (சுசீந்திரம்)

குளத்துக்கும் படகுக்கும் சரி, நம் கடலுக்கு இல்லை. இங்கே காற்றே இல்லாத நாளிலும், தெற்கே எங்கோ எழுந்த அலை கள்ளக்கடலாக வந்து கரையேறும். நாய்க்கு ஜாக்கெட் இருக்கும், அதைப் பிடிக்க ஓடும் உங்களுக்கு? குளத்துக்கு வாங்கினால், வந்த அன்றே எடை போட்டு, ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் கல் வைத்து அமிழ்த்தி, துணியைப் பிழிந்து மறுபடி எடை பாருங்கள். நல்ல நுரை தண்ணீர் குடிக்காது, எடை அதிகம் ஏறாது. முதுகுக் கைப்பிடியில் நாயின் எடைக்கு அரிசிப் பையைக் கட்டித் தூக்குங்கள், தையல் விடக்கூடாது. நான் வாங்கியதில் பஞ்சு இருந்தது. திருப்பி அனுப்பும் நாள் முடிந்த பிறகுதான் வாளியில் போட்டேன்.