உறையாத தயிரும் வியர்க்காத பானையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இரண்டு தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊரில் நினைத்தே பார்க்காமல் சாப்பிட்ட கெட்டித்தயிர் இங்கே எனக்கு வாய்க்கவில்லை. இரவு உறை ஊற்றினால் காலையில் பாலாகவே நிற்கிறது. சில நாள் நூலிழுக்கிறது. ரயிலேறிய அன்று அழாதவள், போன வாரம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இது சிறுபிள்ளைத்தனமா?
(வாசகி, பெங்களூரு)

பதில்: சிறுபிள்ளைத்தனம் அன்று. அம்மாவின் குரலைத் தினமும் தொலைபேசியில் கேட்டுவிடலாம்; அவர் உறை ஊற்றிய தயிர் அதில் வராது. ஏழு மாதம் அடக்கி வைத்த ஏக்கம் அந்தக் கிண்ணத்தின் முன்னால் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தவறு உங்கள் கையில் இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. தயிரை உறையவைக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. காவிரிக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இரவிலும் அடுப்படி புழுக்கமாகவே இருப்பதால், ஒரு கரண்டி மோரை விட்டு மூடிவைத்தாலே போதும். பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி இரவுகளில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் குளிரில் பால் மிக மெதுவாக உறையும். நூலிழுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான் நேர்கிறது.

ஆகவே பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் சுகமாகப் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அரை லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி புளிக்காத தயிரைக் கலந்து, கிண்ணத்தை ஹாட் பாக்ஸுக்குள்ளோ, தடித்த துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள்ளோ அசைக்காமல் வையுங்கள். உறைந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். நூலிழுத்த தயிரை மறுநாளைக்கு உறையாக வைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள். அறிமுகமில்லாத ஊரில் ஒரு கதவைத் தட்ட இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. விளக்கு வைப்பதற்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு உறைமோர் கொடுக்காத வீடுகள் இன்னும் உண்டு.

பால் பாக்கெட்டையும் கவனியுங்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 விழுக்காடு. நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடு. கரண்டியால் வெட்டியெடுக்கும் பதம் வேண்டுமென்றால் இரண்டாவதையே வாங்குங்கள்.

இன்னொன்று. ஊரிலும் மார்கழி வரத்தான் செய்கிறது. அப்போது அம்மா என்ன செய்வார் என்று கேளுங்கள். அணைத்த அடுப்பின் ஓரத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாரா, பாலைச் சற்றுக் கூடுதல் சூட்டில் உறை குத்தினாரா, எல்லாரும் படுத்த பிறகு எழுந்து வந்து பார்த்தாரா? "சாப்பிட்டாயா?" என்பதோடு முடிந்துபோகும் இரவுப் பேச்சு அன்று நிச்சயமாக நீளும்.

கேள்வி: மதுரை வீட்டில் தாத்தா வைத்திருந்த மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி, சென்னையில் என் அறையில் வாங்கி வைத்த பானைக்கு வரவில்லையே, ஏன்?
(வாசகர், சென்னை)

பதில்: பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மதுரையின் வறண்ட கோடைக் காற்றில் அது விரைவாக நடக்கும்; கடலை ஒட்டிய சென்னையின் ஈரக் காற்றில் மெதுவாகத்தான் நடக்கும். பானைக்கு வண்ணம் பூசியிருந்தால் துளைகள் அடைபட்டு, பானை வியர்க்கவே வியர்க்காது. பூச்சில்லாத பானையாக வாங்கி, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்டு, காற்று வரும் ஜன்னலோரத்தில் ஈரமணல் மேல் வையுங்கள். மதுரை அளவுக்குக் குளிராது என்றாலும், உள்ளே ஒரு சிறு முடிச்சு வெட்டிவேர் போட்டால் தாத்தா வீட்டு வாசனை வந்துவிடும்.

கேள்வி: மகன் துபாய்க்கு வேலைக்குப் போய் ஓராண்டு ஆகிறது. முறுக்கும் ஊறுகாயும் அனுப்பினேன். அவனோ, "அந்தப் பழைய போர்வை இருக்கிறதா, அம்மா?" என்று கேட்கிறான். என் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை அது, ஓரம் கிழிந்திருக்கிறது. புதிதாக நல்லதொன்று வாங்கி அனுப்பலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம் அம்மா, அதையே அனுப்புங்கள். நூறு முறை துவைத்து நூல் இளகிய பருத்தியின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது. கிழிந்த ஓரத்தில் உங்களுடைய இன்னொரு பழம்புடவையின் துண்டை வைத்துத் தையுங்கள். அனுப்புவதற்கு முன் துவைப்பதானால் வீட்டில் எப்போதும் போடும் சோப்பையே போட்டு, மொட்டைமாடி வெயிலில் காயவையுங்கள். வாசனைத் திரவம் எதையும் சேர்க்க வேண்டாம்.