வாள் எடுக்காத பாத்திரங்கள்: கேள்வி பதில்

(விதிகளைக் குறிப்பிடும் இடங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

கேள்வி: என் பாத்திரம் ஓர் எழுத்தர். சண்டை தொடங்கிவிட்டால், "மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறேன்" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. என்ன செய்வது?

சண்டை போடத் தெரியாதவர் வேறு, சண்டையில் பயன்படாதவர் வேறு. உங்கள் எழுத்தர் முதல் வகை மட்டுமே. எதிரிக்கு ஐந்தடிக்குள் நின்று "உதவி" நடவடிக்கையை எடுத்தால், உங்கள் அடுத்த முறை வருவதற்குள் அந்த எதிரியை முதலில் தாக்கும் தோழர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஐந்தடி என்றால் பயம்தான். ஆனால் பயந்துகொண்டே எதிரியின் முகத்தில் மையைக் கொட்டும் எழுத்தரை யார்தான் மறப்பார்கள்?

அறையையும் பாருங்கள். கைதியின் கட்டை அவிழ்ப்பது, பின்கதவுக்குத் தாழ் போடுவது, காயம்பட்டவரைப் பிழைக்கவைப்பது ஆகிய எதற்கும் வாள் வேண்டாம். எதிரிகளில் பாதிப் பேர் விழுந்ததும் "ஆயுதத்தைக் கீழே போட்டால் உயிரோடு போகலாம்" என்று முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். வீரர்களுக்கு அது தோன்றாது.

கேள்வி: திறன்களுக்காகவே விளையாடுவதென்றால் எந்த வகுப்பு (பாத்திரத்தின் தொழில்வகை) நல்லது?

ரோக் (திருட்டுத் தந்திரக்காரர்) அல்லது பார்ட் (பாணர்). ரோக்கின் சிறப்புத் தேர்ச்சி முதல் நிலையிலேயே கிடைக்கிறது, பார்டுக்கு மூன்றாம் நிலையில். தேர்ந்தெடுத்த திறன்களில், பகடை எண்ணோடு கூட்டும் தேர்ச்சி எண் இரட்டிப்பாகும். பகடையும் கூட்டெண்ணும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கு 15 என்று வையுங்கள். கூட்டெண் 3 மட்டும் உள்ளவருக்கு வெற்றி வாய்ப்பு 45 சதவீதம். சிறப்புத் தேர்ச்சியால் அது 7 ஆனால் 65 சதவீதம். தோழர் ஒருவரும் உதவினால் ஏறக்குறைய 88. பதினோராம் நிலை ரோக்குக்குத் தேர்ச்சியுள்ள திறன்களில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தாலும் 10 என்றே கணக்கு. அறிவுத் துறையைத் தேர்ந்தெடுத்த கிளெரிக்கும் (கடவுள் அருளால் மந்திரம் செய்யும் பூசாரி) நல்ல தேர்வு. ஏனோ அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: நான் கூச்ச சுபாவம் உள்ளவன். என் பாத்திரமோ பேச்சில் கில்லாடி. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் எல்லாவற்றையும் நானே பேசி நடிக்க வேண்டும் என்கிறார்.

கோடரி வீரராக விளையாடுபவரை எழுந்து நின்று கோடரி வீசச் சொல்கிறாரா என்று அவரிடம் கேளுங்கள். அதே சமயம், "பேச்சுத் திறனை உருட்டுகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. யாரிடம், என்ன வேண்டும், எதை வைத்துக் கேட்கிறீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

பாலத்துச் சுங்கக் காவலன் வழிவிட மறுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "அவனை இணங்கவைக்கப் பார்க்கிறேன்" என்றால் கேம் மாஸ்டர் கையில் பகடையைத் தவிர எதுவும் இல்லை. "அவன் கணக்கேட்டில் நேற்றைய பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் மேலதிகாரியின் பெயரை மெல்லச் சொல்லி, எங்களைக் கடந்துபோக விட்டால் நான் எதையும் பார்க்கவில்லை என்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வரி வசனம்கூட நடிக்கவில்லை. ஆனால் இலக்கு 20 என்று நினைத்திருந்த கேம் மாஸ்டர் 15க்கு இறங்கி வருவார்; சிலர் பகடையே வேண்டாம் என்பார்கள். திறன் பாத்திரத்தின் உண்மையான வேலை பகடையை உருட்டும் முன்பே நடந்துவிடுகிறது.

கேள்வி: 20 விழுந்தால் அரசர் அரியணையைக் கொடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். 20 விழுந்தாலே வெற்றி என்பது தாக்குதல் உருட்டலுக்கான விதி. அரசர் சிரித்துவிட்டு உங்கள் தலையை வாங்காமல் விட்டால், அதுவே உங்கள் 20க்குக் கிடைத்த பரிசு.

கேள்வி: என் அறிஞர் பாத்திரம் உருட்டும் போதெல்லாம் தோற்கிறது. துப்பு கிடைக்காமல் கதையே நின்றுவிடுகிறது.

இது கேம் மாஸ்டர் சரிசெய்ய வேண்டியது. ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ என்ற துப்பறியும் விளையாட்டு முறையில், உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும். அதற்குப் பகடை கிடையாது. எந்த விளையாட்டிலும் இதைக் கடன் வாங்கலாம். கல்வெட்டை அறிஞர் படித்துவிடட்டும். படித்து முடிப்பதற்குள் காவலர் வந்துவிடுகிறார்களா என்பதற்கு மட்டும் உருட்டுங்கள்.

கேள்வி: என் பாத்திரம் கொல்லாமை விரதம் பூண்டது. குழுவில் எல்லோரும் முறைக்கிறார்கள்.

விரதம் உங்களுக்கா, அவர்களுக்குமா? உங்கள் கை யாரையும் கொல்லாது என்றால் அது நல்ல பாத்திரம். ஒவ்வொரு சண்டைக்கும் குறுக்கே நின்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தால், முறைப்பதில் நியாயம் இருக்கிறது. கைகலப்பு ஆயுதத்தால் எதிரியின் உயிர்ப்புள்ளியைப் பூஜ்யமாக்குபவர், கொல்லாமல் மயக்கமடையச் செய்ததாகச் சொல்ல விதி இடம் தருகிறது. உங்கள் வீரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முதல் அமர்வுக்கு முன்பே கேட்டிருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

கேள்வி: அரக்கர்களைக் கொன்றால்தானே அனுபவப் புள்ளி கிடைக்கிறது?

தொடக்கத்தில்கூட அப்படி மட்டும் இல்லை. 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே கொண்டுவந்த பொற்காசுகளுக்கும் புள்ளி உண்டு. அரக்கனைத் தாண்டிப் பதுங்கிப் போய்ப் புதையலை எடுத்து வருவது அன்று புத்திசாலித்தனமான ஆட்டம். பூட்டுத் திறப்பதையே தொழிலாகக் கொண்ட திருடன் வகுப்பு அடுத்த ஆண்டே கிரேஹாக் துணைநூலில் வந்து சேர்ந்தது. இன்று பல மேசைகளில் புள்ளிக் கணக்கே இல்லை. கதையில் ஒரு கட்டம் முடிந்தால் எல்லோரும் ஒரு நிலை ஏறுகிறார்கள். உங்கள் கேம் மாஸ்டர் புள்ளிக் கணக்கை விடமாட்டார் என்றால், பேசித் தீர்த்த மோதலுக்கும் வென்ற சண்டைக்கு உரிய அதே புள்ளியைக் கேளுங்கள்.