கருத்துக்கணிப்பும் அத்தையின் தராசும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கருத்துக்கணிப்புகளையும், நம் அரசியலைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்கள் எழுதுவதையும் நான் நம்புவதில்லை. 2018-இல் மலேசியாவை ஆண்ட தேசிய முன்னணியே முந்தும் என்றார்கள், ஆட்சியே கவிழ்ந்தது. 2024-இல் இந்தியாவில் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றார்கள், 293-இல் நின்றது. கணித்தவர் ஒருவர் நேரலையில் அழுததை நாமும் பார்த்தோம். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்பதே எங்கள் ஒட்டுக்கடைத் தேநீர்க் கூட்டத்தின் ஒருமித்த முடிவு. இத்தனை ஆண்டுகளில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வதா, தொலைபேசியை வைத்துவிடுவதா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியர் ஐயா,

உங்கள் ஐயத்தில் பாதி எனக்கும் உண்டு. மறுபாதியைத்தான் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2018 மே 9 வாக்களிப்புக்கு முன் மெர்டேக்கா சென்டர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வெளியிட்ட கடைசிக் கணிப்பு, 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணிக்கு 100, எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானுக்கு 83, பாஸ் கட்சிக்கு 2 என்றும், மீதமுள்ள 37 தொகுதிகளில் யார் வெல்வார் என்று சொல்ல இயலாது என்றும் கூறியது. தேசிய முன்னணி 79-இல் நின்றது. பாஸ் 18 தொகுதிகளைப் பிடித்தது. கணிப்பு தவறியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கணிப்பு, தீபகற்பத்தில் வாக்கு விகிதத்தில் பக்காத்தானே முந்துகிறது என்றும் சொல்லியிருந்தது. ஒட்டுக்கடை மேசைக்கு வந்து சேர்ந்தது 100 என்ற எண் மட்டுமே. காசுக்கு எழுதுபவர், 37 தொகுதிகளைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பாரா? இந்தியாவில் அழுதவரைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். கூலிக்குக் கணித்தவருக்கு அழ வேண்டிய அவசியமே இல்லை. உண்மையாகவே ஐயப்பட வேண்டியவை, கட்சிகள் தேர்தல் நேரத்தில் "எங்கள் உள்கணிப்பு" என்று காற்றில் விடும் எண்கள். எத்தனை பேரை, என்றைக்கு, எப்படிக் கேட்டார்கள் என்ற விவரம் அவற்றில் இருப்பதே இல்லை.

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி என் அத்தையிடமிருந்து வருகிறது.

2008 பொதுத்தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு மாலை நேரம். செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அத்தையின் வீடு கடைசி வீடு. தொலைபேசி மணி அடித்தது. எதிர்முனையில் ஒரு பெண் மலாயில் ஏதோ கேட்க, அத்தை வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, முற்றத்தில் நின்றிருந்த மண்டோரின் (தோட்டக் கங்காணியின்) மனைவிக்கும் கேட்கும்படியான குரலில், "நாங்க எப்பவும் தராசுக்குத்தான்மா" என்று தேசிய முன்னணியின் சின்னத்தை முதலில் தமிழிலும் பிறகு மலாயிலும் சொல்லி வைத்தார். வைத்த கையோடு என் பக்கம் திரும்பி, "யாரு எவருன்னு தெரியாதவங்ககிட்ட வயித்தெரிச்சலையா சொல்லுவாங்க?" என்றார். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2007 நவம்பர் 25 அன்று, இந்தியர் உரிமைக்கான இண்ட்ராப் பேரணிக்குக் கோலாலம்பூர் சென்ற அவர் மகன், கண்ணீர்ப்புகையில் சிவந்த கண்களோடு வீடு திரும்பியிருந்தான். மார்ச் 8 இரவு, 1974 முதல் இத்தொகுதியை வைத்திருந்த தேசிய முன்னணியின் சாமிவேலு, எதிர்க்கட்சி வேட்பாளர் மைக்கல் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்குகளில் தோற்றார். அத்தை யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு.

குடியிருக்கும் வீடு, வேலை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் என ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவரின் கையெழுத்தை எதிர்பார்த்தே வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். முகம் தெரியாதவர் கேட்டால் பாதுகாப்பான பதிலைச் சொல்வது நமக்குத் தலைமுறைப் பழக்கம். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் கணிப்பாளர் கூட்டிப் பார்க்கிறார்.

இன்னொரு பகுதி வெறும் கணக்கு. உங்களை யாரும் கேட்காததில் சதி ஒன்றுமில்லை. 2022 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 2 கோடியே 10 இலட்சத்துக்கும் மேல், 1,200 பேரைக் கேட்டால் ஏறக்குறைய 17,500 பேருக்கு ஒருவர். முறையாகத் தேர்ந்தெடுத்தால் நாடு முழுமைக்கும் அந்த 1,200 போதும், பிழை ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்குள் அடங்கும். குழம்பை நன்றாகக் கலக்கிவிட்டால் உப்பு பார்க்க ஒரு கரண்டி போதும் அல்லவா? சிக்கல் எங்கே என்றால், மக்கள் தொகையில் இந்தியர் சுமார் 7 விழுக்காடு. ஆகவே அந்த 1,200 பேரில் நம்மவர் எண்பதைச் சுற்றியே இருப்பர். எண்பது பேரை வைத்து "இந்தியர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதினால் பிழை இருபுறமும் 11 விழுக்காடு வரை போகும். அந்த எண்பதில் தோட்டத்துக்காரர் எத்தனை பேர்? ஐந்தா, ஆறா? ஆகவே இத்தகைய கணிப்புகளில் நாட்டு நிலவரத்தைப் பற்றிய எண்ணை ஓரளவு மதிக்கிறேன். "இந்திய வாக்காளர் மனநிலை" என்ற வரி வந்தால் தாண்டிப் போய்விடுகிறேன்.

வெளிநாட்டு ஊடகங்களுக்கு வருகிறேன். 2008 முடிவுக்குப் பிறகு, அயல்நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவரைத் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றவன் நான். ரப்பர் பால் வெட்டும் பெண்மணியைப் படமெடுக்க வேண்டும் என்றார். இங்கே பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றேன். விடவில்லை. கடைசியில் பள்ளிக்குப் பின்னால் தப்பி நின்ற ஒற்றைப் பால்மரத்தடியில், வெட்டுவதை என்றோ நிறுத்திவிட்ட ஒரு பாட்டியின் கையில் துருப்பிடித்த உளியைக் கொடுத்து நிற்க வைத்தார். பாட்டி உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல வெட்டுனா மரம் காயம் பட்டுப்போயிடும்" என்று கவலைப்பட்டது மட்டும் படத்தில் இல்லை. அவர் பொய் சொல்ல வரவில்லை. மனத்தில் எடுத்து முடித்துவிட்ட ஒரு படத்துக்கு ஆள் தேடி வந்திருந்தார். நம் ஊரின் பெயர் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டபோது உலகுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் தோட்டத் தொழிலாளர் கூலிக்காக நடத்திய வேலைநிறுத்தங்களைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இருந்தும், "வெளிநாட்டு ஊடகம் என்றாலே சதி" என்ற வாசகத்தை நான் ஏற்க மாட்டேன். 2015 ஜூலையில், அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் வந்தது என்று எழுதியவை தி வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் சரவாக் ரிப்போர்ட்டும். அதே மாதத்தில் சரவாக் ரிப்போர்ட் இணையத்தளம் இங்கே முடக்கப்பட்டது. உள்நாட்டில் துருவிய தி எட்ஜ் ஏட்டுக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. சதி, சதி என்று அன்று நம் ஒட்டுக்கடைகளிலும் பேச்சு ஓடியது. யாருக்கு அது வசதியாக இருந்தது என்பதைக் கேட்கத்தான் ஆளில்லை. எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கில் 2020-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட நஜிப், மேல்முறையீடுகள் தோற்று, 2022 ஆகஸ்டில் காஜாங் சிறைக்குச் சென்றார். அந்தச் செய்திகளில் வங்கிக் கணக்குகளும் பரிமாற்றத் தேதிகளும் தொகைகளும் இருந்தன. பாட்டியின் படத்தில் உளி மட்டுமே இருந்தது. எதை நம்புவது என்று தீர்மானிக்க எனக்கு இந்த வேறுபாடு போதுமானதாக இருக்கிறது. எழுதியவரின் நாடு எது என்பது அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு: ஒருமுறை எனக்கு அழைப்பு வந்தது. நல்ல தமிழில் பேசிய ஓர் இளைஞர், பத்து நிமிடம் என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். விலைவாசி, பள்ளி, சாலை என்று எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னேன். சென்ற தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டபோது, ஒட்டுக்கடையில் எனக்கு எதிரே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அது ரகசியம் தம்பி" என்று சொன்னேன்.