ராமேசுவரம் தீவும் புயல்களும்: கேட்டவர்களுக்குப் பதில்

தீவின் புயல், மழை, கடல் சீற்றம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிடலாம்.

சார், இந்த வருடம் நம் பக்கம் புயல் வருமா?

நான் பழைய புயல்களைப் படிக்கிறவன். வரப்போவதற்குச் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள்.

1964 புயலில் ராமேசுவரம் ஊர் நின்றது, தனுஷ்கோடி அழிந்தது. ஏன் ஐயா?

காற்று ராமேசுவரத்தையும் சும்மா விடவில்லை. வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. தனுஷ்கோடி இரண்டு கடலுக்கும் நடுவில் நீளும் ஒல்லியான மணல் திட்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நம் ஆட்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்களே, அவைதான். தண்ணீர் ஏறினால் ஒதுங்க மேடு கிடையாது.

அந்தப் புயலின் பிறப்பே விசித்திரம். டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில், பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே, தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது. ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் காற்று சுழல்வதே அபூர்வம். 19ஆம் தேதிக்குள் கடும் புயலாகிவிட்டது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா வழியாகக் கடந்தபோது காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. இலங்கையைத் தாண்டினால் புயல் இளைத்துவிடும் என்று இங்கே பலருக்கும் ஒரு நம்பிக்கை. மலை இருப்பது இலங்கையின் நடுவிலும் தெற்கிலும்தான். வடக்கு தட்டையான பூமி, அங்கே புயலைத் தடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியில் ஏறிய கடல் சுமார் 7 மீட்டர், ஏறக்குறைய 23 அடி. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் கீழே போக இடமில்லாமல் கரைமேல் ஏறும்.

இலங்கை, இந்தியா இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் 1,800 பேருக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு அரசு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், கடல் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். கரையோரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான்.

அன்று இரவு போட் மெயிலே கடலில் போய்விட்டதாமே?

இல்லை. போனது 653ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பனிலிருந்து இரவு 11.55க்குக் கிளம்பியது. ஆறு பெட்டி, 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவு. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் நீளமாக விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். அப்போதுதான் அலை வந்தது.

என் தாத்தா போட் மெயில் என்றுதான் சொன்னார். நீங்கள் புத்தகத்தை நம்புகிறீர்கள், நாங்கள் ஊர்க்காரர்களை நம்புகிறோம்.

நானும் ஊர்க்காரர்களிடம் கேட்டவன்தான் தம்பி. போட் மெயில் சென்னை எழும்பூரிலிருந்து வருவது. தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். அந்த வண்டி அழியவில்லை. புயலுக்குப் பிறகு ராமேசுவரத்தோடு நின்றுகொண்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் சென்னை வண்டி ஒன்றை அந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள்.

டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை ரயில்வே எண்ணியிருக்குமா? 115 என்பது குறைவான கணக்கு.

இது நியாயமான கேள்வி. டிக்கெட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கையில் சண்டை போடுங்கள், கலந்துகொள்கிறேன். வண்டி எது என்பதில் வேண்டாம்.

அப்படியென்றால் போட் மெயில் பயணிகள் பாம்பனில் மாறி அந்தப் பாசஞ்சரில் ஏறியிருக்கலாமே?

விடமாட்டீர்களா! போட் மெயிலே தனுஷ்கோடி வரை போகும்போது பாம்பனில் எதற்கு மாற வேண்டும்? சரி, அடுத்தது.

பாம்பன் பாலம் அன்று என்ன ஆனது?

1914இல் திறந்த பாலம். தண்டவாளத்தைத் தாங்கிய 126 கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலில் விழுந்தன. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் பகுதி தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று ரயில்வே சொல்லியிருந்தது. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் முடித்தார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பிரிந்த பாதையை மட்டும் மறுபடி போடவே இல்லை.

சாதாரணக் காற்றுக்கே பாலத்தில் ரயிலை நிறுத்துவார்களே, அது எதனால்?

பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் போகக்கூடாது என்பது விதி. காற்றின் வேகத்தை அளக்கும் கருவியே அங்கு இருந்தது.

புயல் வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணே.

மேலே பாருங்கள்.

1964ஐத் தவிர வேறு புயலே இல்லையா?

எல்லோரும் மறந்துவிட்ட ஒன்று 1978. நவம்பர் 23 அன்று இலங்கையின் மட்டக்களப்பை அழித்த புயல், மன்னார் வளைகுடாவுக்குள் வந்து மறுநாள் மாலை கீழக்கரை பக்கம் கரையேறியது. நம் தீவுக்குத் தெற்கே ஒதுங்கிப் போனதால் இங்கே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

2020 டிசம்பரில் வந்த புரெவி நேர்மாறு. திருகோணமலைக்கு வடக்கே கடந்து பாம்பன் பக்கம் வந்ததுமே இளைத்துவிட்டது, அப்புறம் ராமநாதபுரம் கடலோரத்திலேயே நெடுநேரம் நகராமல் கிடந்தது. காற்றுக்குப் பயந்து காத்திருந்தோம். அது மழையைக் கொண்டுபோய் டெல்டாவில் கொட்டியது.

2024 நவம்பரில் பெய்தது புயல் மழையா?

இல்லை. நவம்பர் 20 அன்று தீவின்மேல் மேகங்கள் நகராமல் நின்று கொட்டின. ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். புயல் கூண்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கூண்டு எண் 3, 11 என்கிறார்களே, 11 என்றால் மிகப் பெரிய புயலா?

பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 1, 2 தொலைவில் உள்ள ஆபத்து. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்பது புயலின் அளவே அல்ல. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ஒருவிதத்தில் அதுதான் பயங்கரம்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் அவ்வளவு பாதிக்கப்பட்டும் நாம் தப்பியது கோயிலால்தானே?

நம்பிக்கை உங்களுடையது. புவியியல் சொல்வது, அலை வந்த திசையில் இலங்கை குறுக்கே நின்றது. நாகப்பட்டினத்துக்கு அந்த மறைவு இல்லை. ஆனால் 1964இல் இதே இலங்கை நம்மைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

1480 புயலில்தான் சேது உடைந்ததா?

கோயில் குறிப்பில் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பை யாரும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

புயல் நிவாரணத்துக்கு எங்கே மனு கொடுப்பது?

வட்டாட்சியர் அலுவலகம்.

டிசம்பரில் குடும்பத்தோடு அரிச்சல்முனை வருகிறோம், பாதுகாப்பா?

வாருங்கள். 2017இலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி முனை வரைக்கும் சாலை இருக்கிறது. கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள், இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். போலீஸ் தடுப்பு போட்டிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். வாடைக் காற்று கூடுகிற அன்று சாலையில் மணலும் தண்ணீரும் ஏறும், திரும்பிவர இருப்பது அந்த ஒரே சாலைதான்.