நீங்கள் மறைத்து வைத்திருக்கும் கதை

கேள்வி: என் மகளுக்கு வயது 14. ஆறு மாதங்களுக்கு முன் வகுப்பில் கட்டுரை வாசிக்கும்போது நடுவில் தடுமாறி நின்றுவிட்டாள், சிலர் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. பெயர் கொடுத்திருந்த கணிதப் போட்டியிலிருந்தும் விலகிவிட்டாள். சாதனைப் பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை வாங்கிக் கொடுத்தேன். இரண்டைப் படித்துவிட்டு, "இவங்க எல்லாம் பிறக்கும்போதே அப்படிம்மா, நான் அப்படி இல்லை" என்று மூடி வைத்துவிட்டாள். நானே பள்ளி இறுதித் தேர்வில் ஒருமுறை தவறி, மறு ஆண்டு எழுதித் தேறியவள். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் படிப்பில் அலட்சியம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவளுக்கு எப்படித் தன்னம்பிக்கை ஊட்டுவது?
— ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதை அலுப்பில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் புத்தகங்களைப் பற்றி அது மிகச் சரியான விமர்சனம். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு முடிவு முன்பே தெரிந்திருப்பதால், பத்தாண்டு அவமானம் 'பல தடைகளைக் கடந்து' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பத்தாண்டை வாழ்ந்தவளுக்கோ முடிவு தெரியாது. உங்கள் மகளும் முடிவு தெரியாத அப்படியோர் இடத்தில்தான் இப்போது நிற்கிறாள். விருதோடு மேடையில் நிற்பவரைக் காட்டினால், தனக்கும் அவருக்கும் உள்ள தூரம்தான் அவள் கண்ணில் படும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளியான அவர்களது ஆய்வில், 9, 10ஆம் வகுப்பு மாணவர்கள் 402 பேருக்கு ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரைப் பற்றிய கதைகள் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்குச் சாதனைகள் மட்டும். மற்றவர்களுக்கு அந்த அறிஞர்கள் ஆய்விலோ வாழ்விலோ பட்ட பாடு. பட்ட பாட்டைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது, அதுவும் பின்தங்கியிருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சாதனையை மட்டும் படித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

ஜோசலின் பெல் பர்னெல் என்ற வானியலாளரைப் பற்றி அவளிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் பரிசுகளிலிருந்து தொடங்க வேண்டாம். எந்தப் பள்ளியில் சேர்வது என்பதைத் தீர்மானிக்கும் தேர்வில் 11 வயதில் தவறியவர் அவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில் ஒரே பெண்ணாக அவர் நுழையும்போதெல்லாம் மாணவர்கள் காலால் தரையைத் தட்டிச் சீட்டியடித்துக் கூச்சலிடுவார்கள். முகம் சிவந்தால் கூச்சல் கூடும் என்பதால், முகம் சிவக்காமலிருக்கவே பழகிக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். வகுப்பில் சிரிப்புக்கு ஆளான ஒரு பெண்ணின் காதில் எந்தப் பரிசையும்விட இதுதான் விழும்.

பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோதும், தன்னைத் தெரியாமல் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள், என்றாவது கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் அவரை விடவில்லை. அனுப்புகிற அன்று, முழு முயற்சி செய்யவில்லையே என்ற உறுத்தல் இருக்கக் கூடாதென்று எதையும் விடாமல் வேலை பார்த்தார். விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கோடுகளாகப் பதிந்து, ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளக் காகிதச்சுருள் வெளிவரும். அதைக் கண்ணாலேயே பார்த்துவர வேண்டும். 1967இல் அதில் தென்பட்ட ஒரு சிறு கிறுக்கலை அவர் ஒதுக்கிவிடவில்லை. 1.3 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் அந்தச் சமிக்ஞைதான் பல்சார் என்னும் துடிப்பு விண்மீன் இருப்பதை உலகுக்குக் காட்டியது. 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குக் கிடைத்தது. பரிசில் இவர் பெயர் இல்லை. 2018இல் வேறொரு பரிசாக வந்த 30 லட்சம் டாலரை, இயற்பியல் ஆய்வில் குறைவாக இடம்பெறும் பிரிவு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். என்னை மீண்டும் மீண்டும் யோசிக்க வைப்பது அந்தக் காகிதச்சுருள்தான். பயம் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; பயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுருளைப் பிரித்திருக்கிறார்.

இருந்தாலும் அவர் எங்கோ இருப்பவர். உங்கள் மகள் தினமும் முகம் பார்க்கிற ஒருத்தியின் கதை உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அலட்சியம் வரும் என்று அஞ்சுகிறீர்கள். தேர்வு முடிவு வந்த அன்று யார் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் வெளியே போகாமல் இருந்தீர்கள், தோழிகள் மேலே படிக்கப் போனபின் அந்த ஓராண்டு எப்படிக் கழிந்தது, அடுத்த ஆண்டு உங்களைவிட இளையவர்களோடு அதே தேர்வறையில் உட்கார்ந்தபோது கை நடுங்கியதா என்பதையெல்லாம் கேட்கிற பிள்ளைக்குத் தோல்வி இலேசானதாகத் தோன்றாது. அம்மா மறைக்கிற அளவுக்குத் தோற்பது கேவலம் என்ற பாடம்தான் அவளுக்குத் தீங்கு. ஒருநாள் உறவினர் வாயிலிருந்து அது தெரியவந்தால், அந்தப் பாடம் அவள் மனத்தில் உறுதியாகிவிடும்.

எதிரே உட்கார வைத்து, 'உன் வயதில் நான்' என்று தொடங்காதீர்கள். துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்கையில் சொல்லுங்கள். இந்த வயதுப் பெண்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிடப் பக்கவாட்டில் நின்று கேட்பதுதான் அதிகம். 'அதனால் நீயும்' என்று வாய்வரை வரும் வாக்கியத்தை விழுங்கிவிடுங்கள். அது வந்த மறுநிமிடம் கதை அறிவுரையாகிவிடும், அவளும் எழுந்து போய்விடுவாள்.

அத்தையோ பாட்டியோ சித்தியோ தங்கள் கதையைச் சொல்ல முன்வந்தால் மிக நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் குடும்பங்களில் பெண்களின் கதை என்றாலே, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட கதையாகத்தான் சொல்லப்படுகிறது. வாயைத் திறக்காமல் இருந்ததைப் பெருமையாகக் கேட்டு வளரும் பெண், ஏற்கெனவே வகுப்பில் வாயை மூடிக்கொண்டவள், அதையே நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வாள். கதையில் வருகிறவள் யாரிடம் உதவி கேட்டாள், எங்கே மறுத்துப் பேசினாள், எந்த முடிவை மாற்றிக்கொண்டாள் என்பதும் கதையில் வரட்டும்.

கதையோடு கொஞ்சம் பழக்கமும் வேண்டும். முதலில் உங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும், பிறகு ஒரு தோழிக்கு. மறுநாள் கேட்கப்போகும் ஒரு கேள்வியை முதல் நாளே அவளிடம் சொல்லிவைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் தெரியாமல் வேண்டாம், அவள் சம்மதத்தோடு. கணிதப் போட்டியைப் பற்றி இப்போதைக்குப் பேசாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, பிடித்த தோழிகளையும் தவிர்த்தாலோ, தன்னை வெறுத்துப் பேசினாலோ காத்திருக்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கதையைக் கேட்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "அந்த ரெண்டாவது தடவை ஹாலுக்குள்ள போறப்போ யாராவது சிரிச்சாங்களாம்மா?" என்று கேட்பாள். சிரித்திருந்தால், சிரித்தார்கள் என்றே சொல்லுங்கள்.