புள்ளிகளால் ஆன டிஜிட்டல் எழுத்துரு: கேள்வி பதில்

எத்தனை புள்ளிக் கட்டத்தில் தொடங்குவது?

ஆங்கிலத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 7 புள்ளி போதும். ஹிட்டாச்சி எச்டி44780 சிப்பில் ஓடிய எல்சிடி திரைகளிலும் இதே 5×7தான். அடியில் எட்டாவது வரிசை கர்சருக்கு. எம் அளவு (எழுத்துருவின் முழு உயரத்தைப் பிரிக்கும் அலகுகளின் எண்ணிக்கை) 1000 என்றால் புள்ளிகளின் மையங்களுக்கு நடுவே 100 அலகு, புள்ளியின் விட்டம் 80. ஒரே ஒரு வட்டத்தை வரைந்து, அதையே காம்போனென்டாக, அதாவது மூலத்தை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் இணைப்பாக, எல்லா எழுத்திலும் வையுங்கள். வட்டத்தின் மையம் அச்சுகள் வெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். மூலையைப் பிடித்து வைத்தால், பிறகு விட்டத்தைக் கூட்டும்போது மொத்த எழுத்துருவும் ஒருபக்கமாக நகர்ந்துவிடும்.

தனி எழுத்து அழகாக இருக்கிறது, சொல்லாகத் தட்டினால் கட்டம் குலைகிறது. ஏன்?

எழுத்தின் மொத்த அகலம் 100-இன் மடங்காக இல்லை. ஐந்து நிரல் (செங்குத்து வரிசை) எழுத்துக்கு 600, மூன்று நிரலுக்கு 400 என்று கொடுங்கள். கெர்னிங்கும் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைத் திருத்துவது) 100 அலகாகத்தான் நகர வேண்டும். கண்ணுக்கு இதமாக இருக்கிறதே என்று 35 குறைத்தால் அங்கேயே கட்டம் உடையும். வரி இடைவெளி 1.2 என்றால் சரியாக 12 வரிசை. 1.15 வைத்தால் 11½ வரிசை, அடுத்தடுத்த வரிகளின் புள்ளிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

சாய்கோடுகள் மட்டும் மெலிந்து தெரிகின்றன.

வட்டப் புள்ளியில் அப்படித்தான் வரும். நேர்வரிசையில் புள்ளிகளுக்கு நடுவே 20 அலகு வெற்றிடம். மூலைவாட்டில் மையங்களே 141 அலகு தள்ளியிருப்பதால் வெற்றிடம் 61. விட்டத்தை ஏற்றினாலும் இந்த வேறுபாடு போகாது. 80 அலகுச் சதுரப் புள்ளி வைத்துப் பாருங்கள்: மூலைக்கு மூலை 28 அலகுதான், சாய்கோடு உடனே தெளியும். எக்ஸ், இசட் போன்றவை நிறைய வரும் தலைப்புகளுக்குச் சதுரமே மேல்.

தமிழுக்கும் 5×7 போதுமா?

போதவே போதாது. ஒரு கோட்டுக்கு ஒரு நிரல், பக்கத்தில் ஒரு வெற்று நிரல் என்று எண்ணினாலே ண-வின் சுழிகள் ஐந்து நிரலில் அடங்காது என்பது தெரியும். எழுத்துடலுக்கு 7 வரிசை, மேலே இகர, ஈகார விலங்குகளுக்கும் மெய்ப்புள்ளிக்கும் 3, கீழே உகர வால்களுக்கு 3, ஆக 13 வரிசையில் தொடங்குங்கள். மெய்ப்புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசை கட்டாயம் காலியாக இருக்கட்டும். ஒட்டினால் அது எழுத்தின் கோடாகவே தெரியும். இடம் போதவில்லை என்று ர-வின் கீழ்ச்சாய்வை வெட்டிவிடாதீர்கள், துணைக்காலோடு குழம்பிவிடும்.

24 பிக்சலில் சில புள்ளிகள் மங்கலாக வருகின்றன.

எம் 1000-இல் 24 பிக்சல் என்றால் புள்ளிக்குப் புள்ளி 2.4 பிக்சல். திரையில் அரைகுறைப் பிக்சல் கிடையாதே! 30, 40, 50 என்று 10-இன் மடங்குகளில் வையுங்கள். 16, 24, 32 தான் வேண்டுமென்றால் புள்ளி இடைவெளியை 100-ஆகவே விட்டு, எம் அளவை 800 ஆக்குங்கள்.

இந்த எழுத்துகளை வினைல் ஸ்டிக்கராக வெட்டலாமா?

தனித்தனிப் புள்ளியாக வெட்டினால் உரித்தெடுப்பது பெரும்பாடு. சிறிய புள்ளிகள் ஒட்டும் தாளோடு வராமல் போகும். சதுரத்தை 110 அலகாக்கி, சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்து உட்கோடுகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள். 110 அலகு வட்டம் உதவாது, சாய்வில் தொடாது.